நன்றியின் செலவுக் கணக்கு

ஹோண்டுராஸில் பல ஆண்டுகள் வாழ்ந்து பணியாற்றிய ஜோஆன் வான் எங்கன் 2000-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில் சின்னக் கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டினார். வட அமெரிக்காவிலிருந்து கிறிஸ்தவ மாணவர் குழு ஒன்று வசந்தகால விடுமுறைக்கு அங்கே வருகிறது. அநாதை இல்லம் ஒன்றுக்கு வண்ணம் பூசுகிறது, விளையாட்டுத் திடலைச் சுத்தம் செய்கிறது, பிள்ளைகளோடு ஆடிப் பாடுகிறது. அந்தப் பயணத்துக்காகத் திரட்டிய தொகை 25,000 டாலர். ஊழியர் சம்பளம், சாப்பாடு, துணிமணி, கட்டடப் பராமரிப்பு எல்லாம் சேர்த்து அந்த இல்லத்தின் ஓராண்டுச் செலவே 45,000 டாலர்தான். ஒரு வாரப் பயணம் அரை ஆண்டுச் செலவை விழுங்கிவிட்டது.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வந்தவர்கள் நல்ல மனதோடு வந்தார்கள். சுவருக்கு வண்ணமும் கிடைத்தது. கணக்கு கசப்பதற்குக் காரணமே அதுதான்.

திருச்சபைகள் 'குறுகியகால ஊழியப் பயணம்' என்று அழைக்கும் இந்த வழக்கம் அப்படியொன்றும் பழையதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறிய மிஷனெரி, போன இடத்து மொழியைக் கற்று, அந்த ஊர்க் காய்ச்சலில் விழுந்து எழுந்து, பல நேரம் அங்கேயே அடக்கமும் ஆனார். 1957-ல் ஜார்ஜ் வெர்வர் என்ற கல்லூரி மாணவர் இரண்டு நண்பர்களோடு புத்தகங்களை ஏற்றிக்கொண்டு மெக்சிகோவுக்குப் போனார். அந்தப் பயணத்திலிருந்து பிறந்தது 'ஆபரேஷன் மொபிலைசேஷன்'. 1960-ல் லோரன் கன்னிங்ஹாம் தொடங்கிய 'யூத் வித் எ மிஷன்' இளைஞர்களை அலையலையாக அனுப்பியது. விமானப் பயணம் எளிதானதும் மற்றது தானாக நடந்தது. அமெரிக்கத் திருச்சபைகளிலிருந்து மட்டும் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பேர் இப்படி வெளிநாடு போகிறார்கள் என்று பிரின்ஸ்டன் சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ 2009-ல் வெளியிட்ட நூலில் மதிப்பிட்டார். பெரும்பாலான பயணங்கள் ஒரு வாரத்தை ஒட்டியவை. வாழ்நாள் அர்ப்பணமாக இருந்தது விடுமுறைக்குள் அடங்குமளவுக்குச் சுருங்கிவிட்டது.

இந்தப் பயணங்களை ஆதரிப்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு வாரத்தில் ஏழ்மை ஒழியாது என்பது அவர்களுக்கும் தெரியும். போகிறவர் மாறுகிறார் என்பதே அவர்கள் முன்வைக்கும் பலன். தன் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரின் அருமையை அவர் உணர்கிறார். இதுவரை செய்தியாக மட்டும் இருந்த நாடு, ஒரு முகமும் பெயருமாக அவர் மனதில் தங்குகிறது. பிறகு வாழ்நாளெல்லாம் தாராளமாகக் கொடுக்கிறார், ஜெபிக்கிறார், சிலர் முழுநேர ஊழியத்துக்கே வந்துவிடுகிறார்கள் என்கிறார்கள்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி உண்டு. அமெரிக்க மிஷனெரிக் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர், 1890-களில் நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்ளத் தற்காலிகமாகத்தான் திண்டிவனம் வந்தார். இங்கேயே தங்கும் எண்ணம் அவருக்கு இல்லை. பிரசவ வேதனையில் இருந்த மூன்று பெண்களுக்கு உதவி கேட்டு ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்தார்கள். ஆண் மருத்துவரான அவருடைய தந்தை தங்கள் பெண்களைத் தொட்டுப் பார்ப்பதற்கு அவர்கள் இசையவில்லை. பெண்கள் மூவரும் இறந்துபோனார்கள். அந்த இரவு அவரை மாற்றிவிட்டது, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை அதன் விளைவு. ஆனால் அந்த இரவுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கலங்கிய மனதோடு அமெரிக்கா போன ஐடா, 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து, அடுத்த ஆண்டே டாக்டராகத் திரும்பி வந்தார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். கண்டது ஓர் இரவு. அதற்குக் கொடுத்தது ஓர் ஆயுள்.

எல்லோரும் ஐடா ஆகிவிடுகிறார்களா? இந்தக் கேள்வியைக் கணக்கேட்டோடு வைத்துப் பார்த்தவர், கால்வின் கல்லூரிச் சமூகவியலாளரும் ஜோஆனின் கணவருமான கர்ட் வெர் பீக். 1998 அக்டோபர் இறுதியில் மிட்ச் சூறாவளி மத்திய அமெரிக்காவைப் புரட்டிப்போட்டது. ஹோண்டுராஸில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். வீடிழந்தவர்களுக்கு வீடு கட்ட வட அமெரிக்கத் திருச்சபைக் குழுக்கள் வந்து குவிந்தன. அவர்கள் கட்டிய வீடுகளையும் உள்ளூர் அமைப்புகள் கட்டிய வீடுகளையும் அவர் ஒப்பிட்டார். உள்ளூர்க்காரர்கள் சுமார் 2,000 டாலரில் ஒரு வீட்டை முடித்தார்கள். வெளியிலிருந்து ஒரு குழு வந்து போக ஏறத்தாழ 30,000 டாலர் ஆனது. வீடு பெற்ற குடும்பங்களின் வாழ்வில், கட்டியவர் யார் என்பதால் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை.

போய்வந்தவர்களிடம் ஏற்பட்ட மாற்றத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. 127 பேரிடம் கேட்டதில், பயணத்துக்குப் பிறகு தாங்கள் கொடுக்கும் காணிக்கை கூடியிருப்பதாகப் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்னார்கள். அவர்களை அனுப்பிய அமைப்பின் வரவுக் கணக்கைப் புரட்டினால், ஏற்றம் மிகச் சொற்பம். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. மனம் மாறியது உண்மையாகவே இருக்கலாம். ஊர் திரும்பியதும் அந்த மாற்றத்தைத் தாங்கிப் பிடிக்க ஏற்பாடு எதுவும் இல்லாததால் பழைய வாழ்க்கை மறுபடி மேலே வந்து மூடிக்கொள்கிறது.

நன்றி உணர்வு என்ற பலனையும் இங்கேதான் கொஞ்சம் கடுமையாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது. பயணம் முடிந்த ஞாயிறன்று ஆலயத்தில் சொல்லப்படும் சாட்சிகளில் ஒரு வாக்கியம் ஏதாவதொரு வடிவில் வந்துவிடும்: அவர்களிடம் ஒன்றுமே இல்லை, ஆனாலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்! விருந்தாளி வந்திருக்கும்போது எந்த வீட்டிலும் முகம் மலர்ந்துதான் இருக்கும். வட்டிக்கு வாங்கிய கடன், மருந்து வாங்க வழியில்லாத காசநோய், பட்டா இல்லாத நிலம் எதுவும் அந்த ஒரு வாரத்தில் கண்ணில் படாது. கண்ணில் படாததை 'சந்தோஷம்' என்று எழுதிக்கொண்டால், அந்த ஏழ்மையை மாற்ற வேண்டிய அவசியமும் கூடவே கரைந்துபோகிறது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. லூக்கா சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரத்தில் தேவாலயத்துக்கு ஜெபிக்கப் போகும் பரிசேயன் செய்வதும் நன்றி சொல்லுதல்தான். தான் மற்றவர்களைப் போல், தூரத்தில் நிற்கும் ஆயக்காரனைப் போல் இல்லை என்பதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறான். அந்த ஜெபத்தை இயேசு ஏற்கவில்லை. 'இவர்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு எவ்வளவு தரப்பட்டிருக்கிறது என்று புரிந்தது' என்னும் சாட்சி, சொல்பவருக்கே தெரியாமல் அந்த ஜெபத்தின் பக்கம் சாய்கிறது. அங்கே நன்றி கடவுளுக்குப் போகிறது. அடுத்தவரின் இல்லாமை அதற்குச் சாதனமாகிறது. சோறாக்கிப் போட்ட பெண்ணுக்கும், நாள் முழுக்க மொழிபெயர்த்துத் தொண்டை கட்டிப்போன இளைஞனுக்கும் அதில் பங்கில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் இந்த உணர்ச்சி ஆபத்தாகவே மாறியிருக்கிறது. அநாதை இல்லங்கள் பயணக்குழுக்களுக்குப் பிடித்தமான இடம். பிள்ளைகள் உடனே ஒட்டிக்கொள்கிறார்கள், கண்ணீரோடு விடைகொடுக்கிறார்கள். வாரம் ஒரு புதுமுகத்தோடு ஒட்டி, வாரம் ஒருமுறை பிரியும் பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்று கேட்பவர் குறைவு. வருகிறவர்களின் காணிக்கையை நம்பி இல்லங்கள் பெருகவும் செய்தன. கம்போடியாவில் அப்படிப் பெருகிய இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். 2010 ஜனவரியில் ஹெய்ட்டியை நிலநடுக்கம் குலைத்த சில வாரங்களில், அமெரிக்க பாப்டிஸ்ட் சபைகளைச் சேர்ந்த பத்துப் பேர் 33 பிள்ளைகளை உரிய ஆவணமின்றி டொமினிகன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்று எல்லையில் பிடிபட்டார்கள். அந்தப் பிள்ளைகள் அநாதைகள் அல்ல, அவர்களுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள் என்பது பிறகு தெரியவந்தது. ஆஸ்திரேலியாவில் 2018-ல் நவீன அடிமைமுறைச் சட்டம் வந்தபோது, இல்லங்களை நிரப்பப் பிள்ளைகளைக் கடத்துவதும் அந்த விவாதத்தில் இடம்பெற்றது.

அப்படியானால் எல்லோரும் வீட்டிலேயே இருந்துவிடலாமா? 1968-ல் மெக்சிகோவின் குவெர்நவாக்காவில், கிராமங்களுக்குச் சேவை செய்ய வந்திருந்த அமெரிக்க மாணவர்களிடம் கத்தோலிக்கக் குருவான இவான் இல்லிச் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அந்தப் பேச்சின் சாரம். அதன் வேகம் இன்றும் குறையவில்லை. என்றாலும் எல்லா உதவியையும் ஒரே தட்டில் வைத்தது அதன் குறை.

எதிர்ச்சான்றுகள் இருக்கின்றன. 1950-ல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் தொடங்கிய 'மெனனைட் பேரிடர்ப் பணி' புயலிலும் வெள்ளத்திலும் இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்டித்தருகிறது. வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே தச்சர்களும் விவசாயிகளும்தான். ஒரு வாரத்துக்கு வருகிறவர்களும் உண்டு. ஆனால் வேலையை நடத்துபவர்கள் நீண்ட நாள் அங்கேயே தங்குகிறார்கள். 1978-ல் உருவான 'மெர்சி ஷிப்ஸ்' மருத்துவமனைக் கப்பல்களில் அறுவை மருத்துவர் முதல் சமையல்காரர் வரை தங்கள் செலவைத் தாங்களே ஏற்றுப் பணிபுரிகிறார்கள். ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் மாதக்கணக்கில் நின்று, கண்புரை, உதட்டுப் பிளவு, முகக் கட்டி போன்றவற்றுக்கு அறுவை சிகிச்சை செய்கிறார்கள். கப்பல் கிளம்பிய பிறகு என்ன ஆகும் என்ற கேள்வி இவர்களுக்கும் உண்டு. அதனால்தான் உள்ளூர் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி தருவதைத் தங்கள் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். உள்ளூரில் கிடைக்காத திறமையைக் கொண்டுபோவது, பிறர் நடத்தும் நீண்டகால வேலைக்குள் தன் வாரத்தைப் பொருத்துவது: இந்த இரண்டும் இருக்குமிடத்தில் பயணத்தின் குறுகிய காலம் பெரிய குறையாகத் தெரிவதில்லை. சுவருக்கு வண்ணம் பூசும் பயணத்தில் இரண்டும் இல்லை. வண்ணம் பூசத் தெரிந்தவர்கள் அந்த ஊரிலேயே வேலையில்லாமல் இருப்பார்கள்.

லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் இயேசு எழுபது பேரை ஊர்களுக்கு அனுப்புகிறார். பணப்பையும் சாமான் பையும் பாதரட்சையும் கொண்டுபோகக் கூடாது. ஏற்றுக்கொள்ளும் வீட்டில் தங்கி, அவர்கள் வைப்பதைச் சாப்பிட வேண்டும் என்பது அவர் இட்ட கட்டளை. அவர்கள் விருந்தாளிகளாக, பிறர் கையை எதிர்பார்ப்பவர்களாகப் போனார்கள். இன்றைய குழு பெட்டி நிறையப் பரிசுகளோடு இறங்குகிறது. கொடுக்கிறவராக மட்டும் போகிறவருக்கு வாங்கிக்கொள்ள இடமே இருப்பதில்லை.

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையைச் சேர்ந்த வே. ச. அசரியா 1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் சுட்டிக்காட்டியதும் இந்த இடத்தைத்தான். தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லில் ஊழியம் செய்துகொண்டிருந்த அவர் தானும் ஒரு மிஷனெரி. 1903-ல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றவர். மேல்நாட்டு மிஷனெரிகளின் தியாகத்துக்கு இந்தியத் திருச்சபை நன்றியோடு இருக்கும் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, தங்களுக்கு நண்பர்களும் வேண்டும் என்று அந்த அவையில் கேட்டார். அன்று அது சபைக்கு உறைத்தது. நன்றி சொல்லும் நிலையிலேயே ஒருவரை எப்போதும் வைத்திருப்பது அவரைக் கீழே வைத்திருப்பதுதான் என்பது அவர் கேட்டதற்குள் இருந்த குற்றச்சாட்டு.

போகிறவர்கள்தான் அதிகம் பெறுகிறார்கள் என்று ஆதரவாளர்களே சொல்லும்போது, அதைக் கணக்கிலும் ஒப்புக்கொள்ளலாம். பயணச் செலவைத் திருச்சபைகள் மிஷனெரிக் காணிக்கையில் எழுதாமல் தங்கள் இளைஞர்களின் கல்விச் செலவில் எழுதினால், 25,000 டாலர் ஹோண்டுராஸ் பிள்ளைகளுக்குப் போனதாக யாரும் நம்ப வேண்டியிருக்காது. கற்றுக்கொடுத்தவர்களும் அப்போது ஆசிரியர்களாகிவிடுவார்கள். ஒரு வாரம் தன் வேலையை விட்டுக் குழுவோடு அலைந்த உள்ளூர்ப் போதகர், மொழிபெயர்த்தவர், சமைத்தவர் ஆகியோருக்கு உரிய சம்பளமும், அடுத்த ஆண்டு குழு வர வேண்டுமா வேண்டாமா என்று முடிவுசெய்யும் உரிமையும் போய்ச் சேர வேண்டும். அவர்களில் சிலர் வேண்டாம் என்று சொல்லக்கூடும். அனுப்பும் சபை அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு, டிக்கெட்டுக்குச் சேர்த்த பணத்தை அனுப்பிவைக்கத் தயாராக இருக்கிறதா என்பதைக் கேட்டுப் பார்க்கலாம்.