புண் பட்ட பட்டையும் மரபணு ஒப்பீடும்

1904-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் செஸ்ட்நட் மரங்கள் பட்டை வெடித்துப் பட்டுப்போகத் தொடங்கின. காரணம், ஆசியக் கன்றுகளோடு வந்த ஒரு பூஞ்சை. அரை நூற்றாண்டுக்குள் கிழக்கு அமெரிக்கக் காடுகளில் ஏறத்தாழ 400 கோடி மரங்கள் அழிந்தன. அந்தப் பூஞ்சையோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகிய சீன செஸ்ட்நட்டோ, புண்ணை ஆற்றிக்கொண்டு காய்க்கிறது. நோய் தாக்கும்போது சீன மரத்தில் எந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்று தெரிந்தால், அவற்றை அமெரிக்க மரத்தில் சேர்க்கலாம் அல்லவா?

இந்த எண்ணத்தில்தான் 2009-இல் பராகத் என்ற ஆய்வாளரின் குழுவினர் இரு மரங்களின் புண் திசுவிலிருந்தும், எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று காட்டும் ஆர்.என்.ஏ.வை எடுத்து ஒப்பிட்டார்கள். செல்சுவர், லிக்னின் தொடர்பான மரபணுக்கள் கவனத்துக்கு வந்தன. என் கணிப்பில் அதைவிடப் பெரிய ஆதாயம் இன்னொன்று: இத்தகைய ஆர்.என்.ஏ. தொடர்களிலிருந்து கிடைத்த அடையாளக் குறிகளை வைத்து 2013-இல் சீன செஸ்ட்நட்டின் மரபியல் வரைபடமே உருவானது.

ஆனால் அந்தப் பட்டைத் துண்டைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். பூஞ்சை ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து பட்டைக்கு அடியிலுள்ள கேம்பியம் என்ற வளர்திசுவைக் கொல்கிறது. அமெரிக்க மரத்தின் புண்ணோரத்தில் வெட்டியெடுத்த திசுவில் செத்துக்கொண்டிருக்கும் செல்களும் பூஞ்சை இழைகளும் கலந்திருக்கும். அதே நாளில் எடுத்த சீனத் திசுவோ ஆறத் தொடங்கியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் எது எதிர்ப்பின் காரணம், எது சாவின் விளைவு? மேலும், ஒன்று வானளாவும் காட்டு மரம்; மற்றது தாழ்ந்து படரும் தோப்பு மரம். நோயோடு தொடர்பே இல்லாத எத்தனையோ வேறுபாடுகளும் ஒப்பீட்டில் கிடைக்கும் மரபணுப் பட்டியலில் ஏறிவிடும்.

1983-இல் தொடங்கிய அமெரிக்க செஸ்ட்நட் அறக்கட்டளை, எதிர்ப்பாற்றல் இரண்டு மூன்று மரபணுக்களில்தான் இருக்கிறது என்று நம்பி, கலப்பு மரங்களை மீண்டும் மீண்டும் அமெரிக்க மரத்தோடு கலக்கும் பிற்கலப்பில் இறங்கியது. பிந்தைய மரபணுத்தொகுதி ஆய்வுகள் அது பல இடங்களில் சிதறிக் கிடப்பதைக் காட்டின. கலப்பு மரத்தில் அமெரிக்கப் பங்கு கூடக் கூட எதிர்ப்பு குறைகிறது. அப்படியிருக்க, பட்டியலின் உச்சியிலுள்ள நாலைந்து மரபணுக்களைத் துரத்துவதில் பயன் குறைவு.

ஆகவே, இரு இனங்களை நேருக்கு நேர் நிறுத்தும் ஒப்பீடு தேடலின் முதல் படி மட்டுமே. கலப்பு வழிவந்த உடன்பிறப்புகளில் நோய் தாங்குபவற்றையும் தாங்காதவற்றையும், புண் பரவுவதற்கு முன்பே, பல நாட்களில் மாதிரி எடுத்து ஒப்பிட வேண்டும். அந்தச் சோதனையில் தேறாத மரபணுவை நம்பி எந்த இனவிருத்தித் திட்டமும் பெற்றோர் மரத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.