இல்லற வன்முறையும் ஆராய்ச்சியாளர் நோக்கும்

கணவன் மனைவியை அடிப்பது குடும்ப விவகாரம், அதில் அரசு தலையிடலாகாது என்னும் கொள்கை மேல்நாடுகளிலும் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1970ஆம் ஆண்டுகளின் பெண்கள் இயக்கமே இக்கொள்கையை வலிமையோடு எதிர்த்தது. அவ்வெதிர்ப்பின் பின்னணியில், ஐக்கிய அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் லோறன்ஸ் ஷேர்மன், றிச்சட் பேர்க் ஆகியோர் 1981-82இல் ஒரு பரிசோதனையை நடத்தினர். ஆராய்ச்சி அரசின் கொள்கையை எவ்வளவு விரைவில் மாற்றவல்லது என்பதற்கும், ஆராய்ச்சியாளர் கேட்கத் தவறும் வினாக்கள் எத்துணை முக்கியமானவை என்பதற்கும் அது தக்க சான்றாகும்.

பரிசோதனையின் அமைப்பு எளியது. வீட்டில் அடிதடி என்ற முறைப்பாடு கிடைத்துச் சென்ற பொலிசார், கடுங்காயம் நேராத சம்பவங்களில், அடித்தவனைக் கைது செய்தல், புத்தி சொல்லுதல், எட்டு மணி நேரம் வீட்டைவிட்டு அகற்றுதல் ஆகிய மூன்றில் ஒன்றைத் திருவுளச்சீட்டு முறைப்படி கைக்கொண்டனர். 314 சம்பவங்கள் ஆராயப்பட்டன. பொலிஸ் பதிவுகளின்படி, ஆறு மாதங்களுக்குள் மீண்டும் வன்முறையில் இறங்கியோர் கைதானவரிடையே நூற்றுக்கு 10, புத்தி கேட்டோரிடையே 19, அகற்றப்பட்டோரிடையே 24. 1984இல் இம்முடிவு வெளியானதும் பத்திரிகைகள் அதனைப் பரப்பின. கைதை ஊக்குவிக்கும், கட்டாயமாக்கும் விதிகள் பல மாநிலங்களில் பெருகின.

எனினும், அடித்தவர் எந்த வர்க்கத்தினர் என்ற வினா பின்னரே முதன்மை பெற்றது. மில்வோக்கி நகரில் 1987-88இல், ஏறத்தாழ 1,200 சம்பவங்களைக்கொண்டு இப்பரிசோதனை மீண்டும் நடத்தப்பட்டது. தொழிலுள்ளவனைக் கைது தடுத்தது. தொழிலற்றவனிடத்தோ வன்முறையைப் பெருக்கியது. வேலையும் மதிப்பும் உடையவன் அவற்றை இழக்க அஞ்சுகிறான். சமுதாயம் யாதொன்றையும் கொடுத்துவைக்காத ஒருவனிடமிருந்து பொலிஸ் எதனைப் பறித்து அச்சுறுத்த முடியும்?

இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்தபின் அதே மில்வோக்கிப் பெண்களைப் பற்றி ஷேர்மனும் ஹரிஸும் வெளியிட்ட முடிவு நம்மைத் திடுக்கிடச் செய்வது. எச்சரித்து விடப்பட்டோரின் துணைவியரைக் காட்டிலும், கைதானோரின் துணைவியரிடையே மரணம் நூற்றுக்கு 64 பங்கு மிகுந்திருந்தது. கறுப்பினப் பெண்களிடையே இம்மிகுதி 98, வெள்ளையரிடையே 9. இவர்களிற் பெரும்பாலோர் கொலையுண்டவரல்லர். இருதய நோய் முதலிய நோய்களால் இறந்தவர். கைது எவ்வாறு இதற்குக் காரணமாயிற்று என்பதை அவ்வாராய்ச்சி நிறுவவில்லை. ஆனால், ஆறு மாதக் கணக்கில் அடங்காதது அப்பெண்களின் வாழ்க்கை என்பதை அது நிறுவிவிட்டது.

இங்கேதான் நமது கண்டனம் அமைகிறது. மினியாபொலிஸ் ஆராய்ச்சியில் பெண் ஒரு சாட்சியாகவே நிற்கிறாள். அவன் மீண்டும் அடித்தானா என்று அவளிடம் கேட்டனர். வீட்டு வாடகையை யார் கொடுப்பது, பிள்ளைகளோடு எங்கே போவது, அடிக்காத நாட்களிலும் எதற்கு அஞ்சினாள் என்பன அம்முடிவின் அளவுகோலாகவில்லை. வன்முறை தனித்தனிச் சம்பவங்களின் கூட்டமன்று. பணத்தையும் நடமாட்டத்தையும் உறவையும் தன்வயப்படுத்தும் இடையறாத ஆதிக்கமே அது என ஈவன் ஸ்டாக் 2007இல் எழுதினார். அடிகளை மட்டும் எண்ணுவோர் இவ்வாதிக்கத்தைக் காணார்.

முற்போக்காளரிடையே நிலவும் ஒரு தவறான எண்ணத்தையும் இவ்விடத்திற் கண்டித்தல் வேண்டும். வறுமை ஒழிந்தால் இக்கொடுமையும் தானே ஒழியும் என்பர் சிலர். மில்வோக்கி அவ்வாறு கூறவில்லை. தொழிலுள்ளவனும் அடித்தான், அவனைத் தடுப்பது எளிதாயிருந்தது, அவ்வளவே. வறுமை பெண்ணின் தப்பும் வழியை அடைக்கிறது. ஆணுக்கு அடிக்கும் உரிமையை வழங்கியதோ வேறோர் அமைப்பு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் விஞ்ஞான நோக்காகாது.

நம் நாட்டிற்கும் இதிற் படிப்பினை உண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நீதவான் நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கட்டளை பெற வழிசெய்கிறது. ஆயினும், துணைவனால் உடல்வழியாகவோ பாலியல்வழியாகவோ தாக்கப்பட்ட பெண்கள் ஐந்தில் ஒரு பங்கினர் என 2019ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்புக் கூறிற்று. மினியாபொலிசில் நூற்றுக்கு 19 பேர் மீண்டும் வன்முறையில் இறங்கியது, ‘புத்தி சொல்லி’ விடப்பட்ட பின்னரே என்பதைச் சமாதானம் பேசி மனைவியைத் திருப்பியனுப்புவோர் மனங்கொள்ள வேண்டும். கைது மட்டும் போதும் என்போரும் மில்வோக்கியைப் படிக்க வேண்டும். பெண்ணுக்குச் சொந்த ஊதியமும், அஞ்சாது தங்க ஓர் இடமும், அவள் சொல்லை நம்பும் அயலும் இல்லாதவரை எந்தக் கட்டளையும் வெறுங் கடதாசியே. அவற்றை உண்டாக்கும் பொறுப்பை நீதிமன்றத்திடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு நாம் ஒதுங்கியிருத்தல் தகாது.