வெண்ணெய் உருண்டையின் விலை

அரக்கோணத்தாருக்கு மாமல்லபுரம் தொலைவான ஊர் அன்று. காஞ்சிபுரம் வழியாகச் செங்கற்பட்டு செல்லும் இரயிலில் ஏறி, அங்கிருந்து பேருந்து பிடித்தால் போதும். விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு சென்று திரும்புவோர் இப்பகுதியில் பலர். ஆனால் அவர்கள் கொண்டுவரும் செய்திகளில், சில ஆண்டுகளாகச் சிற்பத்தைக் காட்டிலும் நுழைவுக் கட்டணமே முன்னிற்கிறது. “ஒரு பாறையைப் பார்க்க நாற்பது ரூபாயா?” என்று கேட்கின்றனர். இக்கேள்வியைக் கஞ்சத்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. தள்ளலாகாது என்பது என் எண்ணம்.

அவர்கள் குறிப்பிடும் பாறை, கண்ணனின் வெண்ணெய் உருண்டை. குன்றின் சரிவில், இதோ உருண்டுவிடும் என்று தோன்றியும் உருளாமல் நிற்கும் அக்கல் ஏறத்தாழ 20 அடி உயரமும் 250 டன் எடையும் உடையது என்பர். 1908-இல் சென்னை ஆளுநராயிருந்த ஆர்தர் லாலி, அதனால் ஆபத்து நேருமென்று அஞ்சி யானைகளைக் கட்டி இழுக்கச் செய்தார் என்றும், கல் அசையவில்லை என்றும் ஒரு கதை வழங்குகிறது. எந்தச் சிற்பியும் அதற்கு உருக்கொடுக்கவில்லை. காற்றும் மழையும் நெடுங்காலம் தேய்த்துத் திரட்டிய கல் அது. அதன் நிழலில் ஊரார் அமர்ந்தனர். சிறுவர் சரிவில் சறுக்கி விளையாடினர். வெளியூரிலிருந்து வந்தோர் அதைக் கையால் தாங்குவதுபோல் நின்று படமெடுத்துக்கொண்டனர். 2019 அக்டோபர் 11-ஆம் நாள் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் அங்கு நின்று எடுத்துக்கொண்ட படம் உலகெங்கும் சென்றது. அதன் பின்னரே, அதுவரை எவரும் காசின்றிக் கண்டுவந்த அப்பாறைக்கும் தொல்லியல் துறை கட்டணம் வாங்கத் தொடங்கிற்று.

துறைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. அந்த ஒரே சீட்டு கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து இரதங்களுக்கும் செல்லும். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஓரிடத்தைக் காக்கச் செலவும் ஆகும். 10 ரூபாயாக இருந்தது 2016-இல் 30 ஆகி, 2018-இல் 40 ஆனது. இன்று தேநீர்க் கடையில் நால்வர் அமர்ந்து எழுந்தாலே அவ்வளவு ஆகிவிடும். வெளிநாட்டவர்க்கு விதிக்கப்பட்ட 600 ரூபாயோடு ஒப்பிட்டால் நமக்குச் சலுகை என்றுகூடச் சொல்லலாம். (விருந்தினரைப் போற்றும் நாடு, விருந்தினரிடம் பதினைந்து மடங்கு வாங்குவதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும்.)

ஆகவே குறை தொகையில் இல்லை. காசின்றிக் கண்டபோது அப்பாறை வியப்புக்குரியதாய் இருந்தது. அதை எவரும் எடை போடவில்லை. சீட்டுக் கிழிக்கப்பட்டதும் அது வாங்கிய பொருளாகிவிடுகிறது. வாங்கிய பொருளைப் புரட்டிப் பார்த்துக் குறை சொல்வது வாங்கியவன் இயல்பு. அவன்மேல் தவறில்லை, வணிக முறையில் அவனைப் பழக்கியது வாயிலில் உள்ள சாளரம்தான். திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறி மூச்சுவாங்க நிற்பவர், இவ்வுழைப்புக்கு இது தகுமா என்று கணக்குப் பார்ப்பதில்லை. அவரிடம் எவரும் எதையும் விற்கவில்லை; அவராகவே ஏறிவந்தார்.

இவ்வேறுபாட்டைப் பாரிஸ் மறைமாவட்டம் நன்கு உணர்ந்திருந்தது. 2019 ஏப்ரல் 15-இல் தீக்கிரையான நோத்ருதாம் பேராலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்படுவதற்குச் சில வாரங்கள் முன்னர், சுற்றுலாப் பயணிகளிடம் 5 யூரோ வாங்கலாமென்று பிரான்சின் பண்பாட்டு அமைச்சர் இரச்சிதா தாத்தி யோசனை கூறினார். திருச்சபை ஏற்கவில்லை. செபிக்க வருபவரையும் பார்க்க வருபவரையும் வாயிலில் நின்று பிரிப்பது எங்ஙனம்? எனினும் இதைச் சொல்லி நாம் பெருமைப்பட்டுக்கொள்வதற்கில்லை. பார்சலோனாவின் சக்ராத ஃபமீலியா பேராலயத்தில் சுற்றுலாப் பயணியர்க்குக் கட்டணம் உண்டு, அதுவும் சிறிய தொகையன்று. ஆனால் அங்குக் கொடுப்பவர் தலைநிமிர்ந்தால் தம் காசு கோபுரமாய் எழுவதைக் காண்கிறார். நன்கொடையாலும் நுழைவுக் கட்டணத்தாலும் வளர்ந்துவரும் கட்டடம் அது. மாமல்லபுரத்தில் கொடுத்த நாற்பது ரூபாய், அரசின் ஏனைய வருவாயைப் போலவே, இந்தியத் தொகுப்பு நிதியிற் போய்ச் சேர்கிறது. கொடுத்தவர் அதன் சுவட்டைக் காண வழியில்லை. ஏமாந்தோம் என்ற உணர்வுக்கு இது பெருங்காரணம்.

இன்னும் ஒன்று. விலைக்கும் மேன்மைக்கும் இங்கு யாதொரு பொருத்தமும் இல்லை. மாமல்லபுரச் சிற்பங்களுள் தலைசிறந்தது எதுவெனக் கேட்டால், அருச்சுனன் தபசு என்றே நான் சொல்வேன். 90 அடிக்கு மேல் நீண்ட பாறை முகத்தில் தேவரும் நாகரும் யானைகளும் திரண்டு வர, அவற்றினிடையே தவசியைப்போல் காலுயர்த்தி நிற்கும் ஒரு பூனையையும் செதுக்கி வைத்த பல்லவச் சிற்பியின் குறும்பை எண்ணுந்தோறும் நகை தோன்றும். அச்சிற்பத்தைத் தெருவில் நின்றே காசின்றிக் காணலாம்.

நம் அருகிலேயே மகேந்திரவாடி இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன், வெளியில் தனித்துக் கிடந்த ஒரே பாறையைக் குடைந்து திருமாலுக்கு எடுத்த கோயில் அது. மகேந்திரபுரம் என்னும் ஊரையும், மகேந்திர தடாகம் என்னும் ஏரியையும், மகேந்திர விஷ்ணுகிருகம் என்னும் அக்கோயிலின் பெயரையும் அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. தமிழகக் குடைவரைக் கலையின் தொடக்கங்களுள் ஒன்றெனத் தயங்காமல் சொல்லத்தக்க இடம். கட்டணம் இல்லை; கூட்டமும் இல்லை. உளிபட்ட பாறை விலையின்றிக் கிடக்க, உளிபடாத பாறைக்குச் சீட்டுக் கிழிக்கிறோம்! நாற்பது ரூபாய் பெரிதென்று முணுமுணுக்கும் நம்மவருள் எத்தனை பேர் மகேந்திரவாடிக்குச் சென்றிருக்கிறோம் என்று கேட்டால், விடை நமக்கும் உவப்பாயிராது.

கட்டணத்தை நீக்குவர் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாங்குவோர் அதற்கு ஈடாக எதையேனும் தரட்டும். அவ்வுருண்டை ஏன் உருளவில்லை, அடியிலுள்ள பாறையோடு எவ்வளவு இடத்தில் பொருந்தி நிற்கிறது, எத்தனை ஊழியாகத் தேய்ந்து இவ்வடிவம் பெற்றது என்று பத்து வயதுச் சிறுவனுக்கு விளங்கும் தமிழில் சரிவின் அடியில் எழுதி வைக்கலாம். அதே பலகையின் கீழ்ப்பகுதியில் மகேந்திரவாடிக்கு வழியும் குறித்து வைத்தால், வாங்கிய காசில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிவிடும்.