மறுபடி கடித்தால் எத்தனை ஊசி?

நாய்க்கடிக்குப் போன வருடம் முழுதாக ஊசி போட்டுக்கொண்டவரை, இந்த வருடம் வேறொரு தெருநாய் கெண்டைக்காலில் கவ்விவிடுகிறது. இப்போது என்ன செய்வது? மதுரையில் இதற்கு மூன்று விடைகள் புழங்குகின்றன. ‘அதான் போன தடவையே போட்டாச்சே, ஒண்ணும் ஆகாது’ என்பது டீக்கடை விடை. ‘எதுக்கு வம்பு, மொதல்ல இருந்து எல்லா ஊசியும் போட்ருங்க’ என்பது பயந்தவர்களின் விடை. ‘இரண்டு ஊசி போதும்’ என்பது மருத்துவ வழிகாட்டுதலின் விடை. மூன்றில் எது சரி என்பதோடு, சரியான விடை இந்த ஊரில் செல்லுபடியாகிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

இது அபூர்வமான கேள்வி அல்ல. 2024-ல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் ஏறத்தாழ 4.8 லட்சம், ரேபிஸ் சாவுகள் 43. தெருவும் அதேதான், நாய்களும் அவைதான் என்கிறபோது, அதே ஆட்கள் மறுபடி கடிபடுவதில் வியப்பில்லை. இருட்டு விலகுமுன் வேலைக்கு இறங்கும் தூய்மைப் பணியாளர், பால் ஊற்றுகிறவர், பேப்பர் போடுகிறவர், ராத்திரியில் சாப்பாடு கொண்டுபோகும் டெலிவரி பையன்கள் ஆகியோருக்கு நாய்க்கடி ஒருமுறையோடு முடிகிற விஷயமல்ல.

முதலில் வழிகாட்டுதல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். முதல்முறை கடிபட்டவருக்கு அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், ஒவ்வொரு நாளும் இரண்டு இடங்களில் 0.1 மில்லி வீதம் தடுப்பூசி. ரத்தம் வந்த காயமென்றால் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருள் ஊசி. முன்பே முழுமையாகப் போட்டுக்கொண்டவரை மறுபடி நாய் கடித்தால், தேசிய ரேபிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் 2019 வழிகாட்டுதல்படி 0, 3 ஆகிய இரண்டு நாள் மட்டும், ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் ஊசி. இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது மட்டும் இரு தரப்புக்கும் பொது.

டீக்கடை விடையை எடுத்துக்கொள்வோம். அதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்தானது. ஒருமுறை முழுமையாகத் தடுப்பூசி பெற்ற உடலில் நினைவு செல்கள் பல்லாண்டு தங்குகின்றன. ஆனால் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருளின் அளவு காலப்போக்கில் இறங்கிவிடும். நினைவு செல்கள் இருப்பது மட்டும் போதாது, அவை நேரத்தோடு விழித்துக்கொள்ள வேண்டும். ரேபிஸ் கிருமி காயத்திலிருந்து நரம்புக்குள் நுழைந்து மூளையை நோக்கிப் போகிறது. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. அந்த இரண்டு ஊசிகள் நினைவு செல்களை உசுப்பி, சில நாட்களுக்குள் எதிர்ப்பொருளை மேலேற்றுகின்றன. அதைத் தவிர்த்துவிட்டு ‘ஒண்ணும் ஆகாது’ என்று உட்கார்ந்திருப்பது உயிரைப் பணயம் வைத்து ஆடுவதாகும்.

இந்த விடைக்குச் சாதகமான ஒரே விதியையும் சொல்லிவிடுவது நியாயம். முழுத் தடுப்பூசி முடித்து மூன்று மாதத்துக்குள் மறுபடி கடிபட்டால், காயத்தைக் கழுவிச் சிகிச்சை செய்தால் போதும், ஊசி தேவையில்லை என்று உலக சுகாதார அமைப்பின் 2018 நிலைப்பாடு கூறுகிறது. ஆனால் அது தேதி போட்ட சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. ‘போன பொங்கலுக்கு முன்னாடிதான் போட்டேன்’ என்ற ஞாபகத்தை நம்பி வீட்டிலேயே எடுக்கிற முடிவல்ல.

அடுத்தது, எல்லாவற்றையும் முதலிலிருந்து போடச் சொல்லும் விடை. கூடுதலாகத் தடுப்பூசி போட்டால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. இதை ஒப்புக்கொள்ள வேண்டும். இழப்பு வேறு இடத்தில். முழுத் தொடருக்கு ஆளுக்கு 0.8 மில்லி மருந்து செலவாகிறது. இரண்டு ஊசிக்கு 0.2 மில்லி. அதாவது ஒருவருக்குச் செலவாகும் மருந்தில் நான்கு பேருக்குப் போடலாம். நான்கு நாள் அலைச்சல் இரண்டாகிறது. தினக்கூலிக்காரருக்கு ஓ.பி. வரிசையில் போகும் ஒவ்வொரு காலைப் பொழுதும் ஒரு நாள் சம்பளம். நான்குமுறை அலைந்து சலித்தவர் அடுத்த கடிக்கு மருத்துவமனைப் பக்கமே வராமல் போனால், அதிகப்படியான சிகிச்சையே சிகிச்சையின்மைக்கு வழிவிட்டதாகும்.

இம்யூனோகுளோபுலின் விஷயத்தில் இந்த வாதம் இன்னும் வலுக்கிறது. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படும் வகையில் சிலருக்கு ஒவ்வாமை ஏற்படலாம். அதோடு, முன்பே தடுப்பூசி பெற்றவரின் உடல் தானே விரைந்து எதிர்ப்பொருளைச் செய்துகொள்ளும் என்பதால் அவருக்கு அது தேவையே இல்லை. அந்த மருந்து முகத்தில் கடிபட்ட குழந்தைக்குப் போக வேண்டியது.

ஆக, விஞ்ஞானம் மூன்றாவது விடையின் பக்கம் நிற்கிறது. 5 முதல் 21 ஆண்டுகளுக்கு முன் தடுப்பூசி பெற்றவர்களைத் தாய்லாந்தில் ஆராய்ந்தபோது, பூஸ்டர் போட்ட எல்லோருக்கும் எதிர்ப்பொருள் விரைவாக ஏறியது. பத்து வருடமாகிவிட்டது, முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்ற எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை.

ஆனால் இந்த விடை நிபந்தனைகளோடு வருகிறது. மதுரையில் சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

முதல் நிபந்தனை, எந்த ஊசி என்பது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுக்கொண்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அது ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்ட செம்பிள் தடுப்பூசி. குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் தயாராகிவந்த இந்த ஊசி, 2004 இறுதியோடு இந்தியாவில் நிறுத்தப்பட்டது. அந்த 14 ஊசியைத் தாங்கியவர், ‘நான் படாத பாடா’ என்று சொல்லலாம். கணக்கில் அது சேராது. இப்போது கடிபட்டால் அவர் புதிய நோயாளிதான், முழுத் தொடரும் போட வேண்டும்.

இரண்டாவது, உடல்நிலை. எச்.ஐ.வி., புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு, முன்பு போட்டிருந்தாலும் இரண்டு ஊசி போதாது. முழுத் தொடரும் இம்யூனோகுளோபுலினும் தேவை. கடிபட்டவர் இதை ஊசி போடுமிடத்தில் மறைக்கக் கூடாது.

மூன்றாவதுதான் கடினம்: ‘முழுமையாக’ என்றால் என்ன? பக்கத்து வீட்டு நாய் கடித்து, பத்து நாள் கழித்தும் அது நன்றாக இருந்தால், 28-ஆம் நாள் ஊசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கையில் இருப்பது 0, 3, 7 நாட்களின் பதிவு. இவரை மறுபடி நாய் கடித்தால், தொடர் முற்றுப்பெறவில்லை என்று இந்திய வழிகாட்டுதல் முழுச் சிகிச்சைக்குத் தள்ளுகிறது. உலக சுகாதார அமைப்போ, குறைந்தது இரண்டு ஊசி போட்டதற்குப் பதிவு இருந்தாலே முன்பு தடுப்பூசி பெற்றவராகக் கொள்கிறது. மேலும், 0, 3, 7 நாட்களோடு முடியும், தோலுக்குள் போடும் ஒருவாரத் தொடரையே 2018-ல் அது ஏற்றுக்கொண்டுவிட்டது. அறிவியல்படி பார்த்தால் நம் வழிகாட்டுதல் இந்த இடத்தில் மறுபரிசீலனைக்கு உரியது. மாறும்வரை, முழுத் தொடரை ஏற்பதால் நோயாளி இழப்பது சில காலைப் பொழுதுகள்தான்.

எல்லா நிபந்தனைகளும் கடைசியில் ஒரு துண்டுக் காகிதத்தில் வந்து நிற்கின்றன. உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஊசி, வேலைக்கு வந்த இடத்தில் மதுரைப் பெரியாஸ்பத்திரியான அரசு ராஜாஜி மருத்துவமனையில் இரண்டாவது, அவசரத்துக்குத் தனியார் கிளினிக்கில் மூன்றாவது என்று போட்டுக்கொள்கிறவரிடம் ஒழுங்கான பதிவு எப்படி இருக்கும்? வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: சான்று இல்லையென்றால் புதிய கடியாகவே கொள்ள வேண்டும். அந்தக் கண்டிப்பு சரி. ஒரு பக்கம் தவறினால் போவது சில ஊசிகள். மறுபக்கம் தவறினால் போவது உயிர். சந்தேகத்தின் பலன் எப்போதும் நோயாளிக்கே போக வேண்டும்.

ஆனால் சான்றைப் பத்திரப்படுத்தும் பொறுப்பு முழுவதையும் நோயாளியின் தலையில் கட்டியதுதான் குறை. கொரோனா தடுப்பூசிக் காலத்தில் யார், எங்கே, எந்தத் தேதியில் போட்டுக்கொண்டார் என்பதைக் கைபேசி எண்ணை வைத்து எடுத்துக்கொடுக்க அரசால் முடிந்தது. நாய்க்கடி ஊசிக்கு அது முடியாதென்று சொல்ல முடியாது. மேலூரில் போட்டதை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பார்க்க முடிந்தாலே, இரண்டு ஊசி விதி ஏட்டிலிருந்து தெருவுக்கு இறங்கிவிடும்.

இன்னொன்றும் செய்யலாம். அடிக்கடி கடிபடும் வேலையில் இருப்பவர்களுக்கு, கடிபடும் முன்பே தடுப்பூசி போடும் முறை உண்டு. தூய்மைப் பணியாளர்களுக்கும் நாய் பிடிக்கும் ஊழியர்களுக்கும் மாநகராட்சியே அதைப் போட்டு அட்டை கொடுத்தால், அவர்கள் எல்லோரும் இரண்டு ஊசிக்காரர்களாகிவிடுவார்கள். நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டு 2030-க்குள் நாய்வழி ரேபிஸை ஒழிப்பது நாட்டின் இலக்கு. அதுவரை மனிதர்களுக்கான இந்தக் காப்பை ஒத்திப்போட முடியாது.

முடிவாக: மறுகடிக்கு ஊசியே வேண்டாம் என்பது தவறு. சான்று உள்ள, எதிர்ப்புச் சக்தி குறையாதவருக்கு முழுத் தொடர் வீண். இரண்டு ஊசியே சரி. ஆனால் சான்று இருந்தால் மட்டும். இல்லையென்றால் முழுச் சிகிச்சை, பேரம் கிடையாது. இதுவரை ஊசி போட்டவர்கள் சீட்டைத் தேடியெடுத்து, இன்றே கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். கடிபட்டால் சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்காமல், 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.