அத்தையின் தீபாவளிக் கணக்கு

தீபாவளிக்குத் துணி எடுப்பதை ஒரு வித்தையாகவே பயின்றவர் என் அத்தை. ஒரு தீபாவளியின் பட்சணம் தீருமுன்பே, கார்த்திகை முதல் வாரத்தில், 1935-ல் தோன்றிய கைத்தறிக் கூட்டுறவு நிறுவனமாகிய கோ-ஆப்டெக்ஸின் விற்பனை நிலையத்துக்குச் சென்று, ‘கனவு நனவு’ என்னும் மாதச் சேமிப்புத் திட்டத்தில் ஆயிரம் ரூபாய் கட்டி, அடுத்த வருஷத்துப் பண்டிகைக்கு அஸ்திவாரம் போட்டுவிடுவார். புரட்டாசி வரை பதினொரு தவணை அவர் கட்டினார். பன்னிரண்டாவதை நிறுவனமே கட்டியது. ஐப்பசியில், அந்தப் பன்னிரண்டாயிரத்தோடு, பண்டிகைக்கால அரசுத் தள்ளுபடியான முப்பது சதவீதமும் அவருக்காகக் காத்திருந்தது.

இரண்டு சலுகைகளையும் வெறுமனே கூட்டிப் பார்ப்பவர் இக்கலையின் சூட்சுமத்தை அறியாதவர். ஒன்று கழித்து மிஞ்சியதன்மேல்தான் மற்றொன்று கழியும். இரண்டும் சதவீதமாயின் எது முந்தினாலும் பலன் ஒன்றே. ஆனால் ஒன்று நிலையான தொகையாயின், ஆயிரம் ரூபாய்ச் சரக்கில் முதலில் முப்பது சதவீதமும் பிறகு நூறு ரூபாயும் கழித்தால் அறுநூறு, வரிசையை மாற்றினாலோ அறுநூற்று முப்பது! இந்த முப்பது ரூபாய் வித்தியாசத்தை எழுதிப் பாராமல் மனத்திலேயே கண்டுகொள்ளும் சாமர்த்தியம் அத்தைக்கு இருந்தது.

ஆயினும், அவரிடம் நான் மிகவும் போற்றுவது கணக்கை அன்று. மலிவாகக் கிடைக்கிறதே என்று வேண்டாத ஒன்றை அவர் தொட்டதே இல்லை. விலைச்சீட்டைப் புரட்டுமுன் புடவையைப் புரட்டுவார். கரையும் உடலும் சேருமிடத்தை விரலால் நீவி, பின்புறத்தில் இழை தொங்குகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மனம் நிறைந்த பிறகே விலை கேட்பார்.

அந்த வருஷம் அவர் எடுத்தவை பதின்மூவாயிரத்து ஐந்நூறு ரூபாயில் ஆரணிப் பட்டு ஒன்று, இரண்டாயிரத்துக்குச் சென்னிமலைப் போர்வை இரண்டு, ஆயிரத்து ஐந்நூறுக்குப் பவானி ஜமக்காளம் ஒன்று. தள்ளுபடி போகப் பதினோராயிரத்துத் தொள்ளாயிரம் ஆயிற்று. நூறு ரூபாய் மீந்திருப்பதைக் கண்டதும், மாமாவுக்கென்று முன்பே நினைத்து வைத்திருந்த நூற்று நாற்பது ரூபாய் ஈரோட்டுத் துண்டையும் எடுத்து மேசைமேல் வைத்தார். பதினேழாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்ச் சரக்குக்கு அவர் கையிலிருந்து போனது பதினோராயிரம். சேமிப்புக் கணக்கில் மீந்தது இரண்டு ரூபாய்.