தொடர்வது மட்டும் தரமா?

குடும்பக் கட்டுப்பாட்டு சேவையின் தரம் பற்றிப் படிக்கப் போனால், எந்தப் பக்கம் சுற்றினாலும் ஜூடித் புரூஸ் 1990-இல் எழுதிய கட்டுரையில் வந்து நிற்போம். தரத்தை அவர் ஆறாகப் பிரித்தார்: எத்தனை முறைகளில் இருந்து தேர்ந்தெடுக்கலாம், என்ன தகவல் சொல்கிறார்கள், மருத்துவத் திறமை, நடத்துகிற விதம், தொடர் கவனிப்பு, மற்ற சேவைகளோடு பொருந்துவது.

நம்ம நாட்டில் இந்த ஆறில் மூன்றாவதைப் பற்றி மட்டும்தான் சத்தமாகப் பேசுகிறோம். அதுவும் யாராவது செத்த பிறகு.

2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஒரே முகாமில் ஒரே மருத்துவர் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் கருத்தடை அறுவை செய்தார். ஒரு குழு ஒரு நாளைக்கு 30 பேருக்கு மேல் செய்யக்கூடாது என்பது அரசே போட்ட விதி. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அப்புறம் கருவியைச் சுத்தம் செய்தார்களா, மாத்திரையில் கலப்படமா என்றுதான் பேச்செல்லாம் போச்சு. கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் 83 பேரும் ஒரே நாளில் ஒரே முறைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள்? புரூஸ் முதலில் எழுதி வைத்த கேள்வி அது.

1996-லேயே நாடு முழுக்க இலக்கு முறையைக் கைவிட்டதாக அரசு அறிவித்தது. 'எதிர்பார்க்கப்படும் சாதனை அளவு' என்ற புதுப் பெயரில் எண் திரும்ப வந்தது. 2016-இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இலக்கு வைக்காதீர்கள், மூன்று வருடத்தில் முகாம்களை நிறுத்துங்கள் என்று மறுபடி சொல்லவேண்டி வந்தது.

இது வரைக்கும் புரூஸ் பக்கம்தான் நான். ஆனால் ஓர் இடத்தில் இடிக்கிறது. தரம் நன்றாக இருந்தால் கிடைக்கும் பலன்களில் ஒன்றாக, பெண்கள் கருத்தடையை ஏற்று அதைத் தொடர்வதை அவர் வைக்கிறார். மாத்திரைக்கும் காப்பர்-டிக்கும் இது ஓரளவு சரி. கருத்தடை அறுவைக்கு? செய்துகொண்ட பெண் நினைத்தாலும் பாதியில் விடமுடியாது. தொடர்வதுதான் அளவுகோல் என்றால் எவ்வளவு மோசமான முகாமும் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும்!

இந்தியாவில் இது சின்ன ஓட்டை இல்லை. ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21), மணமான 15-49 வயதுப் பெண்களில் 37.9 சதவீதம் பேர் சார்ந்திருப்பது பெண்களுக்கான அறுவையை. ஆண்களுக்கான அறுவையைச் சார்ந்திருப்பவர்கள் 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்களின் பங்கு பாதியையும் தாண்டுகிறது. ஆண்களுக்கான அறுவைதான் எளிது, ஆபத்தும் குறைவு. அப்படியிருந்தும் இந்த வித்தியாசம் என்றால், அதை 'விருப்பம்' என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது.

அதனால் புரூஸின் பட்டியலில் ஏழாவதாக ஒன்றைச் சேர்ப்பேன்: விலக முடிகிறதா? காப்பர்-டி பத்து வருடம் வேலை செய்யும் என்று பெருமையாகச் சொல்கிறோம். இரண்டாவது மாதமே ஒருத்தி "வேண்டாங்க, எடுத்துடுங்க" என்று வந்தால், "கொஞ்ச நாள் பொறுத்துப் பாரும்மா" என்று திருப்பி அனுப்பாமல் அன்றைக்கே எடுத்துவிடுகிறார்களா? அறுவைக்கு வந்தவள் மேசை வரைக்கும் போய் மனசு மாறினால், திட்டு வாங்காமல் வீடு திரும்ப முடிகிறதா?

எத்தனை பேர் ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் பதிவேடு இருக்கிறது. எடுக்கச் சொல்லி வந்தவர்களையும், அவர்களில் எத்தனை பேருக்கு எடுத்துவிட்டார்கள் என்பதையும் அதே கவனத்தோடு எழுதி வைக்கட்டும். தரத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.