தோழிக்கு யார் தோழி?

குறிஞ்சித் திணையை நடத்தும்போதெல்லாம் சேர்வராயன் மலைதான் என் கண்முன் வரும். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் அப்பா ரைட்டராக இருந்தார். கூலிக் கணக்கு அவர் கையில். பழம் பறிக்கும் பெண்கள் அவர் மேசைமுன் வரிசையில் நிற்பார்கள். அவர்களில் ஒருவரின் மகள் என்னோடு பத்தாம் வகுப்பு படித்தாள். சில்வர் ஓக் மரங்களுக்கிடையே இருவரும் சேர்ந்தே பள்ளிக்கு நடப்போம். ஒரு நாள் அம்மா சொன்னாள்: “அவகூட இனிமே போகாத. சேர்க்கை சரியில்ல.” அவள் என்ன தவறு செய்தாள் என்று அம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து வேறு பாதையில் போனேன்.

தாயின் காவல் சங்க அகப்பாடல்களில் நமக்குப் பழகிய ஒன்று. தலைவியும் தோழியும் தினைப்புனத்தில் கிளி விரட்டுகிறார்கள். களவு அங்கே வளர்கிறது. தினை கொய்யும் காலம் வந்ததும், அல்லது மகளின் மேனி மாற்றத்தைத் தாய் கவனித்ததும், தலைவி வீட்டுக்குள் வைக்கப்படுகிறாள். இற்செறிப்பு என்று அதற்குப் பெயர். மகள் ஏன் மெலிகிறாள் என்று அறிய, தாய் வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். இவ்வளவு கண்காணிக்கும் அந்தத் தாய், தோழியோடு பழகாதே என்று சொல்லும் ஒரு பாட்டை நான் படித்ததில்லை. களவுக்குத் துணை நிற்பவளே தோழிதான்.

ஏன் இந்த நம்பிக்கை? தொல்காப்பியக் களவியல் தோழியைச் செவிலியின் மகள் என்கிறது. அப்படியென்றால் தலைவி அவளைத் தேடிக்கொள்ளவில்லை. வீடே அவளைக் கொடுத்திருக்கிறது. தாய் வளர்ப்பு வேலை செய்கிறாள், மகள் துணைவேலை செய்கிறாள். யார் மேல், யார் கீழ் என்பது இருவரும் பேசத் தொடங்குமுன்பே முடிவாகிவிட்டது. அப்படிப்பட்ட நட்பைக் கண்டு எந்த வீடும் பயப்படுவதில்லை. என் அம்மா பயந்தது, மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நானே தேடிக்கொண்டவளைப் பார்த்து.

அகப்பாடல்களில் தோழி அளவுக்குப் பேசுபவர்கள் குறைவு. ஆனால் அவள் பேச்செல்லாம் தலைவியின் காதலைப் பற்றியது. புணர்தல், இருத்தல், இரங்கல், ஊடல், பிரிதல் என்னும் ஐந்து உரிப்பொருளும் ஆண் பெண் உறவுக்கே வகுக்கப்பட்டவை. உடன்போக்கில் தலைவி போனபின் தாய் புலம்பும் பாட்டுகளை நாம் மனப்பாடமாகச் சொல்கிறோம். ஆனால் அதே நாளில் தோழியும் ஒருத்தியை இழந்தாளே என்று வகுப்பில் நாங்கள் கேட்பதில்லை. போன வருடம் ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், தோழிக்கு யாரு தோழி?” உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) நாவலை அந்தக் கேள்வியோடு மறுபடி படித்தேன். அங்கே பெண்கள் பெண்களோடுதான் மனம்விட்டுப் பேசுகிறார்கள். காவல் காப்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. சிறுமி ராபியாவின் உலகம் அவளுடைய சேக்காளிகளால் ஆனது. பருவம் நெருங்க நெருங்க அந்த உலகம் சுருங்குகிறது. சல்மாவே ஒன்பதாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். பெண்ணின் படிப்பு நின்றதைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். படிப்போடு சேர்ந்துபோன தோழிகளைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை.

அம்மாவை மட்டும் குற்றவாளியாக்க எனக்கு மனமில்லை. சேலத்து உறவினர்களின் பேச்சுக்கு அப்பா பதில் சொல்ல வேண்டியதில்லை, அம்மாதான் சொல்ல வேண்டும். மகளின் சேர்க்கை கெட்டால் தாயின் வளர்ப்பைத்தானே குறை சொல்வார்கள்? சாதியும் வர்க்கமும் போட்ட வேலியைக் காக்கும் பொறுப்பு, அந்த வேலியால் தனக்கென்று எதுவும் பெறாத ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது. அதே வேலையை அம்மாவுக்காகச் செய்தவள் நான். பாதையை மாற்றிக்கொண்டது என் கால்கள்தான்.

இருபது வருடங்களாகக் கவிதை எழுதுகிறேன். காதலை எழுதியிருக்கிறேன், பிரிவை எழுதியிருக்கிறேன். அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. அவளுக்கு ஒரு திணை இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்த ஆண்டு மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறேன்: தலைவன் வராத ஒரு தோழி கூற்று எழுதுங்கள். நானும் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.